இடுப்பெலும்பு, எண் பதினேழு

பத்தூமியில் மழை நிற்பதில்லை.
ராணுவக் கிடங்கு இருந்த மேட்டில்
குழாய் பதிக்கத் தோண்டியவர்கள்
முனையில் கம்பளி திணித்த ஒரு பூட்ஸைக் கண்டார்கள்.
பிறகு குழாயை மறந்தார்கள்.

மூன்றாம் குழி. பதினேழாம் எண்.
பல்தூரிகையால் மண் தள்ளுகிறாள் மரேஹி.
மேசையில் கிடப்பதை இப்போதைக்கு
அது என்றுதான் எழுத முடிகிறது என்னால்.
என் மொழி வினையை முடிக்குமுன்
ஆணா பெண்ணா என்று கேட்கும்.
தெரியாதென்றால்
கல்லோடும் மாட்டோடும் உட்கார வைத்துவிடும்.
அவர் என்று மரியாதைக்குள் ஒளிக்கலாம்தான்;
சுட உத்தரவிட்ட காகிதமும்
மரியாதையாகத்தான் தட்டச்சாகியிருக்கிறது.

மரேஹிக்கு இந்தத் தொல்லை இல்லை.
ஜார்ஜிய மொழியில் 'இஸ்' போதும்:
அவன், அவள், அது, அங்கே கிடப்பது,
எல்லாருக்கும் ஒரே வாசல்.
குடும்பப் பெயரும் காட்டிக்கொடுக்காது.
பட்டியலில் ஒரே வரி: ந. லொமாட்ஸே, 1938.
பக்கத்தில் ஒரு சரிக்குறி.

மண்டையோடு இரண்டு பக்கமும் பேசுகிறது.
புருவமேடு, ஐந்துக்கு மூன்று.
காதுக்குப் பின்னுள்ள முளை, நான்கு.
தாடை நுனி மூன்று, வற்புறுத்தினால் நான்கு.
பின்புறத் துளைக்கு மதிப்பெண் கிடையாது.
'ஆணாக இருக்கலாம்' என்று எழுதி
'லாம்' மேல் பேனாவை ஊன்றி நிற்கிறாள்.

தாழ்வாரத்தில் ஓட்டியா லொமாட்ஸே.
ஹூலோ மலையிலிருந்து மூன்று மணி நேரப் பேருந்து,
மடியில் ஒரு பை மாண்டரின் பழம்.
எச்சில் கொடுத்து எட்டு மாதம்.
ரத்த உறவு என்று வந்துவிட்டது முடிவு.
"பெயரை யாரும் சொல்லமாட்டார்கள் வீட்டில்.
சுவருக்குக் கேட்கும் என்று பயம்.
இஸ் என்பார்கள், அவ்வளவுதான்.
மீசையை நானாக வைத்துக்கொண்டேன், மனசுக்குள்."

என் மொழியிலும் ஒரு பழைய சந்து உண்டு.
அவன் பாடும், அவள் பாடும், அது பாடும்.
அதன் வழியாகவே கொண்டுவருகிறேன் அந்தக் கதையை:
அதட்டலிலேயே குதிரையை நிறுத்தும் இஸ்.
விருந்தில் அடிக்குரலில் பாடும்.
தானியம் பிடுங்க வந்தவனை
ஆற்றில் தள்ளிவிட்டுத் தொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்.
ஆனால் அந்தச் சந்து
இறந்தகாலத்துக்குப் போகாது.

கடைசியில் இடுப்பு காய்ந்தது.
திரிகத்தோடு இரு பக்கமும் பொருத்தி
ரப்பர் வளையம் மாட்டினாள்.
பின்பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து ஆட்டினாள்;
இடிக்கவில்லை.
பூப்பெலும்பின் கீழே அகன்ற வளைவு.
முன்முகத்தில், நகத்தால் இழுத்தாற்போல், ஒரு வரம்பு.
மூட்டோரம் ஒரு சின்னப் பள்ளம்;
பிள்ளை பெற்ற தடம் என்பார்கள் முன்பெல்லாம்,
இப்போது யாரும் சத்தியம் செய்வதில்லை.
அதைப் பற்றி அவளும் எதுவும் எழுதவில்லை.
'லாம்' இருந்த வரியை மட்டும் அடித்தாள்.

ஓட்டியா வெகுநேரம் பழத்தை உரித்தார்.
தின்னவில்லை.
"பூட்ஸ் ஆம்பிளை பூட்ஸாயிற்றே?"
"பூட்ஸ் எலும்பு இல்லை.
இந்தக் காலுக்கு அது மூன்று அளவு பெரிது."
ந, ந என்று முனகிப் பார்த்தார்.
நோதார் போய்விட்டான்.
நானுலி? நெஸ்தான்? நஸிப்ரோலா?
எந்தப் பெயருக்கும் மேசை திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு இப்போது ஒரு வினைமுற்று கிடைத்திருக்கிறது.
சுடப்பட்டாள்.
முதல் சொல்லே இதுவா என்றிருக்கிறது.
அதைத் தள்ளி வைத்துவிட்டு
கிடங்குக்கும் குழிக்கும் முந்தைய
ஒரு விடியலுக்குப் போகிறேன்:
குதிரை மாற்றிக்கொண்டு நிற்கிறது வெளியே.
யாருடைய பூட்ஸோ, பெரிது.
கம்பளியை உருட்டி முனையில் திணித்தாள்,
காலை விட்டுப் பார்த்தாள்,
இன்னும் கொஞ்சம் திணித்தாள்.